பொதுக் கிணற்றுக்குப் பூட்டிட விடலாமா?

ஒரு பொருளை ஊருக்குப் பொதுவென்று விட்டுவிடுதல் எளிது. அது என்றும் பொதுவாகவே இருக்கும்படி காத்தல் அரிது. மேய்ச்சற்றரையாயினும் குளக்கரையாயினும், வேலியற்ற பொதுநிலத்தில் வலியவன் ஒருவன் ஓரிரவிற் கதியால் நட்டுத் தன் காணியோடு சேர்த்துக்கொண்ட கதையை அறியாத ஊர் எம்மிடையே இல்லை. கொடுத்தவனின் நல்ல மனம் மட்டும் கொடையைக் காத்துவிடாது. கொடைக்கும் ஓர் உறுதி வேண்டும்; அந்த உறுதியில் ஒரு நிபந்தனையும் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் இதனை அறிவர். காணியின் விஸ்தீரணமும் எல்லைகளும் சொல்லப்பட்ட பின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காற் பாத்தியமும் எழுதப்பட்டிருக்கும். காணி விலைப்படலாம், சீதனமாய்ப் போகலாம், நன்கொடையாய்க் கைமாறலாம். யார் கைக்குப் போயினும் அந்தப் பங்கும் பாத்தியமும் கூடவே போகும். புதிதாய் வாங்கியவர் எத்துணைப் பணம் படைத்தவராயினும், "கிணறு இனி எனக்கே" என்று படலையைச் சாத்த முடியாது. தண்ணீர் அள்ளும் உரிமையோடு காணியை வாங்கியவர், பிறரை அள்ளவிடும் கடமையோடும் அதனை வாங்கியிருக்கிறார்.

கணினி மென்பொருளின் உலகிலும் இதையொத்த ஏற்பாடொன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனைக் 'கொப்பிலெஃப்ற்' என்பர். பதிப்புரிமையைக் குறிக்கும் 'கொப்பிறைற்' என்ற சொல்லின் வலப்பக்கத்தை இடப்பக்கமாக மாற்றிய சிலேடை அது. தமிழில் அதனை அளிப்புரிமை என வழங்குவர். இதனைக் கணினி படித்த இளைஞர்களின் விவகாரம் என்று எமது வைத்தியர்களும் ஆசிரியர்களும் கணக்காளரும் கமக்காரரும் ஒதுக்கிவிடலாகாது. வைப்புக் கணக்கும் வைத்தியசாலைப் பதிவேடும் பாடசாலைப் புள்ளிகளும் சந்தை விலையும் இன்று மென்பொருளின் வழியாகவே எம்மை வந்தடைகின்றன. அந்த மென்பொருள் யாருடையது, அதைத் திறந்து பார்க்க யாருக்கு உரிமையுண்டு என்பன அரசியற் கேள்விகளேயன்றி வேறல்ல.

மூலநிரல் என்பது யாது?

மென்பொருளை மனிதர் எழுதும்போது, மனிதர் படித்தறியக்கூடிய மொழியொன்றிலேயே எழுதுகின்றனர். அதுவே மூலநிரல். கணினி அதனை அவ்வாறே இயக்குவதில்லை. பூச்சியமும் ஒன்றுமான இயந்திர மொழிக்கு அது மாற்றப்படுகிறது. கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவமே. சமைத்த கறியைத் தந்துவிட்டுக் கைப்பக்குவத்தை மறைப்பது போன்றது அது. உண்ணலாம், உப்புக் கூடிவிட்டதென்றாலும் அடுத்த முறை குறைக்க வழியில்லை. பிழையைத் திருத்தவும், தமிழுக்கேற்ப மாற்றவும், உள்ளே எம்மை வேவுபார்க்கும் பகுதி ஏதும் உண்டோ என ஆராயவும் மூலநிரல் வேண்டும். அது இல்லாதவன் பணங்கொடுத்து வாங்கினும் குடியிருப்பாளனே, உரிமையாளன் அல்லன்.

அச்சுப்பொறி தந்த பாடம்

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில், 1980ஆம் ஆண்டளவில், ஷெரொக்ஸ் நிறுவனம் அளித்த புதிய லேசர் அச்சுப்பொறியொன்று இருந்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய பொறியில் இத்தகைய சிக்கல் எழுந்தபோது, அங்கே பணியாற்றிய றிச்சட் ஸ்ரோல்மன், தாள் சிக்கியதும் பயனர்களுக்கு அறிவிக்கும்படி அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். புதிய பொறிக்கோ மூலநிரல் தரப்படவில்லை. இன்னொரு பல்கலைக்கழகத்தில் அது ஒருவரிடம் இருக்கின்றதென அறிந்து அவரை நாடிச் சென்று கேட்டார். வெளியிடுவதில்லை என்று உடன்படிக்கை எழுதிக்கொடுத்திருந்தமையால் அவரும் மறுத்துவிட்டார்.

சிறிய சம்பவம், ஆனால் அதிலிருந்து பெரிய இயக்கமொன்று பிறந்தது. 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி, எவரும் இயக்கவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழுமையான இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக ஸ்ரோல்மன் அறிவித்தார். குனூ என்பது அதன் பெயர். 1985இற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. கட்டற்ற மென்பொருள் என்பதை இலவச மென்பொருள் எனப் பொருள்கொள்ளலாகாது. இலவசம் வேறு, விடுதலை வேறு. எந்த நோக்கத்திற்கும் இயக்குதல், உள்ளமைப்பை ஆராய்ந்து மாற்றுதல், பிரதியைப் பிறர்க்கு வழங்குதல், திருத்திய வடிவத்தையும் வழங்குதல் என்னும் நான்கு உரிமைகளே அதன் இலக்கணம்.

வேலியைக் கொண்டே படலை திறந்த விதம்

இங்கேதான் இடர் எழுந்தது. மென்பொருளை எவ்வித நிபந்தனையுமின்றி உலகுக்கு விட்டுவிட்டால் என்னாகும்? நிறுவனமொன்று அதனை எடுத்து, சில வரிகளைச் சேர்த்து, மூலநிரலை மறைத்து, தன்னுடையதென்று விற்கலாம். கொடுத்தவனே தான் கொடுத்ததன் திருத்திய வடிவத்தைப் பார்க்க முடியாத நிலை வரும். பொதுநிலத்திற் கதியால் நட்ட கதை அதுவே.

பதிப்புரிமைச் சட்டத்தைக் கைவிடாமல், அதனையே ஆயுதமாகக் கொண்டது ஸ்ரோல்மனின் விடை. சட்டப்படி, ஆக்கியோனின் அனுமதியின்றி எவரும் ஓர் ஆக்கத்தைப் பிரதிசெய்யவோ மாற்றி வெளியிடவோ முடியாது. ஆக்கியோன் அந்த அனுமதியை எல்லார்க்கும் அளிக்கிறான்; ஆனால் ஒரு நிபந்தனையோடு அளிக்கிறான். நீ இதனையோ, இதிலிருந்து பிறந்ததையோ பிறர்க்கு வழங்குவாயாயின், மூலநிரலையும் அவர்க்குத் தரவேண்டும். நீ பெற்ற அதே உரிமைகளையே அவருக்கும் அளிக்கவேண்டும். மேலதிகக் கட்டுப்பாடு எதனையும் விதிக்கலாகாது. நிபந்தனையை மீறினால் அனுமதி இல்லை. அனுமதி இல்லையேற் பதிப்புரிமை மீறலாகும். இதுவே 1989இல் வெளிவந்த குனூ பொது உரிமத்தின் சாரம். அதன் இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வந்தன.

இந்த நிபந்தனை ஏட்டுச் சுரைக்காயாய் நின்றுவிடவில்லை. ஸ்ரீவ் ஜொப்ஸ் நிறுவிய நெக்ஸ்ற் நிறுவனம், குனூ மொழிமாற்றியோடு ஒப்ஜெக்ரிவ் சி என்ற மொழிக்கான பகுதியை இணைத்தது. அப்பகுதியின் மூலநிரலைத் தன்னிடமே வைத்திருக்க எண்ணியது. உரிமம் இடந்தரவில்லை. பகுதி பொதுவுக்கு வந்தது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவை, 1992இற் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அதற்குப் பின் போட்டி நிறுவனங்கள் பலவும் அதிலே உழைத்தன. எவரும் தம் திருத்தத்தை மறைத்து முந்திக்கொள்ள முடியாதாகையால் எல்லார் உழைப்பும் ஒரே குளத்திற் சேர்ந்தது. 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகளின் முதல் 500இன் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. எம்மவர் கையிலிருக்கும் அண்ட்ரொயிட் தொலைபேசியின் அடித்தளமும் அக்கருவே.

உரிமங்களின் வகை

எல்லா உரிமங்களும் ஒரே தன்மையன அல்ல. எம்.ஐ.ரி., பி.எஸ்.டி. முதலிய தாராள உரிமங்கள், ஆக்கியோன் பெயரைக் குறிப்பிட்டாற் போதும், மூடிவைத்தாலும் பாதகமில்லை என்பன. சோனியின் பிளேஸ்ரேசன் 4 விளையாட்டுப் பொறியின் இயங்குதளம் அவ்வாறு ஃபிறீபிஎஸ்டி என்னும் கட்டற்ற ஆக்கத்திலிருந்து எழுந்து, மூடிய பொருளாயிற்று. சட்டப்படி அதிற் குற்றமில்லை.

எதிர்முனையில் நிற்பது குனூ பொது உரிமம். இடையே நிற்பவை குனூ சிறு பொது உரிமமும் மொசில்லா பொது உரிமமும். அவை அளிக்கப்பட்ட பகுதியில் மட்டும் நிபந்தனையை வலியுறுத்தி, அதனோடு இணையும் பிற ஆக்கங்களை விட்டுவிடுவன. நான்காவதாக அஃபெரோ பொது உரிமம் உண்டு. இன்று பல நிறுவனங்கள் மென்பொருளைப் பிரதியாக வழங்குவதில்லை. தம் கணினியில் வைத்துக்கொண்டு, வலையமைப்பின் வழியாகச் சேவையை மட்டும் தருகின்றன. வழங்காதபோது பொது உரிமத்தின் கடமையும் எழாது. அந்த ஓட்டையை அடைக்கவே, வலையமைப்பின் வழியாகப் பயன்படுத்துவோர்க்கும் மூலநிரல் தரவேண்டும் என்று அஃபெரோ உரிமம் விதிக்கிறது.

மன்றேறி வென்ற வாசகம்

இவ்வுரிமம் நீதிமன்றத்தில் நில்லாது என்று ஏளனஞ் செய்தோர் உண்டு. 2004இல் ஜேர்மனியின் மியூனிச் நீதிமன்றம், பொது உரிமத்தை மீறிய நிறுவனமொன்றுக்கெதிராக லினக்ஸ் ஆக்குநருள் ஒருவரான ஹரால்ட் வெல்ரே பெற்ற தடையுத்தரவை உறுதிசெய்தது. 2008இல் அமெரிக்க மேன்முறையீட்டு மன்றம், விளையாட்டுப் புகைவண்டிகளை இயக்கும் மென்பொருள் பற்றிய வழக்கொன்றில், திறமூல உரிமத்தின் நிபந்தனைகள் பதிப்புரிமைச் சட்டத்தாற் காக்கப்படத்தக்கவை எனத் தீர்த்தது. 2024 பெப்ரவரியிற் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம், பொது உரிமத்தை மீறியமைக்காகப் பிரான்சின் பெருந் தொலைத்தொடர்பு நிறுவனமான ஒறேஞ்ச், சிறிய மென்பொருள் நிறுவனமொன்றுக்கு 5 இலட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. சிறியவன் பெரியவனை மன்றில் நிறுத்தினான், வென்றான்.

வழக்கின்றியே விளைந்த பயனும் உண்டு. 2003இல் லிங்க்சிஸ் என்னும் வலையமைப்புப் பெட்டியினுள் லினக்ஸ் இருப்பது வெளிப்பட்டது. மூலநிரலைத் தருமாறு கோரிக்கை எழ, நிறுவனம் அதனை வெளியிட்டது. அதிலிருந்து ஓபின்டபிள்யூஆர்ரி என்னும் கட்டற்ற திட்டம் 2004இற் பிறந்து, வெவ்வேறு நிறுவனங்களின் எண்ணற்ற பெட்டிகளுக்கு இன்றும் உயிரூட்டுகிறது.

ஆட்சேபங்களுக்கு விடை

"கட்டற்றது என்கிறீர்கள், நிபந்தனையும் விதிக்கிறீர்கள். இது முரணன்றோ?" என்பது முதல் வினா. கிணற்றை மூடும் சுதந்திரத்தை ஒருவனிடமிருந்து எடுத்தால், தண்ணீர் அள்ளும் சுதந்திரம் நூறுபேர்க்கு மிஞ்சும். எதனைச் சுதந்திரம் என்பது என்று வாசகரே முடிவு செய்க. ஆயினும் ஒன்றை நடுநிலையோடு சொல்லவேண்டும். உலகெங்கும் ஒரு பொதுத் தரம் விரைந்து பரவ வேண்டிய இடத்திற் தாராள உரிமமே பொருந்தலாம். வோர்பிஸ் என்னும் ஒலிக்கோப்பு வடிவத்துக்கு அவ்வாறு தாராள உரிமம் அளிக்கப்பட்டதை 2001இல் ஸ்ரோல்மனே ஏற்றுக்கொண்டார். கொள்கையிற் பிடிவாதமும் நடைமுறையில் விவேகமும் ஒருங்கே இருக்க முடியும்.

இரண்டாவது வினா அச்சத்தாற் பிறந்தது. 2001இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் தலைவர் ஸ்ரீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டுப் பேசினார். தொட்டதையெல்லாம் அவ்வுரிமம் பற்றிக்கொள்ளும் என்றார். உண்மை யாது? கட்டற்ற மென்பொருளால் நீங்கள் எழுதும் கடிதமும், போடும் கணக்கும், வரையும் படமும் உங்களுடையனவே. மென்பொருளை மாற்றி உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்தினாலும் எவர்க்கும் எதுவும் தரவேண்டியதில்லை. திருத்திய மென்பொருளைப் பிறர்க்கு வழங்கும்போதே கடமை எழுகிறது. அன்று அவ்வாறு பேசிய அதே நிறுவனம், 2020இல் தன் விண்டோஸ் இயங்குதளத்துடன் லினக்ஸ் கருவையே சேர்த்து வழங்கத் தொடங்கியது.

மூன்றாவது வினா நியாயமானது. "எழுதுபவன் எதனை உண்பான்?" பொது உரிமம் விற்பனையைத் தடுப்பதில்லை. ஸ்ரோல்மன் தம் ஈமாக்ஸ் மென்பொருளை நாடாவிற் பதிந்து 150 டொலருக்கு விற்றார். கட்டற்ற மென்பொருளின் பராமரிப்பையும் சேவையையுமே தொழிலாகக் கொண்ட றெட்ஹற் நிறுவனத்தை, ஐ.பி.எம். 2019இல் 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. இருப்பினும் உலகமே நம்பியிருக்கும் நிரல்களை ஊதியமின்றிப் பேணும் தனிமனிதர் பலர் இன்றும் உளர். உரிமம் உரிமையைக் காக்கும், அடுப்பை எரிக்காது. பொதுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கவும் ஊர் கூடிப் பணஞ் சேர்க்கத்தானே வேண்டும்? பயன்பெறும் அரசும் நிறுவனமும் அதற்குப் பங்குதரக் கடமைப்பட்டவை.

கமக்காரருக்கு இதில் என்ன?

அமெரிக்கக் கமக்காரரிடம் கேளுங்கள், சொல்வார்கள். இன்றைய உழவு இயந்திரம் இரும்பும் எண்ணெயும் மட்டுமன்று, கணினியும் ஆகும். பழுது ஏற்பட்டால் அதன் மென்பொருளைத் திறக்கும் கருவி முகவரிடமே இருக்கின்றது. அறுவடை காத்திருக்க, இயந்திரக்காரன் வரும்வரை கமக்காரனும் காத்திருக்க வேண்டியதாகிறது. 2023 மார்ச்சில், அளிப்புரிமையைக் காக்கும் அமைப்பான மென்பொருட் சுதந்திரக் காப்பவை, ஜோன் டியர் நிறுவனத்தின் இயந்திரங்களில் அளிப்புரிமை மென்பொருள்கள் அடங்கியிருந்தும் உரிமம் வேண்டும் மூலநிரல் உரியவாறு தரப்படவில்லையெனக் குற்றஞ்சாட்டி, அதனைக் கமக்காரர்க்கு வழங்குமாறு பகிரங்கமாகக் கோரியது. 2025 ஜனவரியில், பழுதுபார்க்கும் உரிமையைக் கட்டுப்படுத்தியமை குறித்து அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழுவும் அந்நிறுவனத்துக்கெதிராக வழக்குத் தொடுத்தது. தன் பணத்தில் வாங்கிய கலப்பையைத் தானே திருத்த முடியாதவன் கமக்காரனா, கூலியாளா?

விதைக்கும் இதே நியாயத்தை விரித்தோர் உளர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பகுதியைச் சார்ந்த பயிர் விருத்தியாளரும் அறிஞரும் முயன்று, திறமூல விதை முன்னெடுப்பை அமைத்து, 2014இல் விதைகளை வெளியிட்டனர். இவ்விதையையும் இதன் வழிவந்ததையும் பிறர் பயன்படுத்தாதபடி காப்புரிமையாலோ வேறு வழியாலோ தடுக்கமாட்டேன் என்பது அவற்றைப் பெறுவோர் ஏற்கும் உறுதிமொழி. சட்டவுரிமமாக எழுத முயன்று, நடைமுறைச் சிக்கலால் உறுதிமொழியோடு அவர்கள் நின்றனர். 2017இல் ஜேர்மனியில் ஒரு குழுவினர் மேலுஞ் சென்று, சன்விவா என்னும் தக்காளியினத்தை அளிப்புரிமையையொத்த சட்டவுரிமத்தோடே வெளியிட்டனர். விதைநெல்லைக் கடகத்தில் அளந்து அயலவர்க்குக் கொடுத்து, அடுத்த போகத்தில் அளந்து வாங்கிய எமது முன்னோர்க்கு இத்தத்துவம் புதுமையன்று. புதுமை யாதெனின், பூட்டிடும் சட்டம் வலுத்த காலத்திற் பூட்டாதிருக்கவும் சட்டம் எழுத வேண்டியிருக்கிறதென்பதே.

எமது நாடும் எமது மொழியும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி எமது கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவி அமைப்புக்களையும் பதிந்து ஒருங்கிணைக்க மென்பொருள் வேண்டியிருந்தது. இலங்கைத் தொண்டர்கள் சில நாட்களில் அதனை ஆக்கத் தொடங்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் 'சகன' என்பது அதன் பெயர். கட்டற்ற மென்பொருளாக அது வெளியிடப்பட்டமையால், 2005இற் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும் 2006இற் பிலிப்பைன்ஸின் மண்சரிவிலும் அந்நாட்டவர்க்கு அது உதவியது. எவரிடமும் அனுமதிக்குக் காத்திருக்க நேரவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகநலனுக்கான தனது 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. துயரிற் பிறந்த ஆக்கம் பிறநாட்டார் துயரையும் துடைத்ததென்றால், அதற்கு அறிவு பாதி காரணம். திறந்து வைத்தமை மறுபாதி.

எமது மொழிக்கும் இதிற் பங்குண்டு. பாமினி முதலிய எழுத்துருக்களின் காலத்தை அலுவலகங்களில் உழைத்தோர் மறவார். ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் அதே எழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். ஒருங்குறி அந்நோயைத் தீர்த்தது. திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளிவந்த நோட்டோ தமிழ் முதலிய எழுத்துருக்களை இன்று எவரும் பெறலாம், திருத்தலாம்; திருத்தியதும் அதே உரிமத்திலேயே நிற்கவேண்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், பெற்ற உரிமையையே பிறர்க்கும் அளி என்னும் விதியிலேயே நிற்கிறது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முதலியோர் அதில் இட்ட உழைப்பை நாளை எவரும் பூட்டித் தம்முடைமையாக்க முடியாமைக்கு அவ்விதியே காவல்.

எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கப்படும் ஆக்கங்களாக ஏற்கிறது. ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டுகளும் அக்காப்பு நீளும். ஆதலின் அளிப்புரிமைக்கு வேண்டிய அடித்தளம் இங்கே ஏற்கனவே உண்டு. வேண்டுவது விழிப்பே.

ஆகவே நாம் வலியுறுத்துவன இவை:

முதலாவது, மக்கள் வரிப்பணத்தால் ஆக்கப்படும் மென்பொருள் மக்களுக்கே உரியதாகுக. கமநல, சுகாதார, கல்வித் திணைக்களங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் ஒப்பந்தம் எழுதும்போது, மூலநிரல் கையளிக்கப்படுவதையும் அது அளிப்புரிமையின் கீழ் வெளியிடப்படுவதையும் நிபந்தனையாக்குக.

இரண்டாவது, கூட்டுறவுச் சங்கங்கள் கணக்கு மென்பொருளையோ நீரிறைக்கும் பொறிகளையோ வாங்குமுன், விலையை மட்டும் கேளாது, "நாளை இதனை எமது ஊரவர் திருத்த உரிமையுண்டா?" என்றும் கேட்க.

மூன்றாவது, எமது சட்டத்தரணிகள் இவ்வுரிமங்களைக் கற்க. காணி உறுதியில் ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடவல்லோர்க்கு இது அரிய கலையன்று.

நான்காவது, தமிழுக்கு அகராதியோ நிரலோ எழுத்துருவோ ஆக்கும் இளைஞர்கள், வெளியிடும் நாளிலேயே உரிமத்தைத் தெளிவாக எழுதிவைக்க. உரிமம் எழுதாத ஆக்கம் பொதுவுடைமையாகிவிடுவதில்லை. சட்டத்தின் கண்ணில் அது எவரும் தொடக்கூடாத பொருள். பெருமனத்தோடு ஆக்கப்பட்டும், எழுத்தில்லாக் குறையால் எவர்க்கும் பயன்படாது போகும்.

தான் வெட்டிய கிணற்றைத் தன் மக்களுக்கு மட்டும் விட்டவன் குடும்பத்தைக் காத்தான். ஊருக்கு விட்டவன் ஊரைக் காத்தான். ஊருக்கு விட்டதோடு நில்லாது, அதனை எவரும் மூடலாகாதென உறுதியும் முடித்து வைத்தவன், தான் காணாத தலைமுறையையும் காத்தவனாவான். எமது அறிவுச் செல்வத்துக்கு அத்தகைய உறுதிகளை எழுதிவைக்கும் காலம் இது. பேனை எம் கையிலேயே இருக்கிறது.